கழுகின் வயிற்றுக்குள் இருந்த மண்

ரொறன்ரோ நகர நடுவிலுள்ள பெரிய அருங்காட்சியகத்தில் பழைய ஐரோப்பியத் தேவாலயப் பித்தளைச் சாமான்கள் பார்க்கலாமா, ஸ்காபரோவிலிருந்து எப்படிப் போவது, எவ்வளவு காசு முடியும் என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். பார்க்கலாம். நான் 1997 நவம்பரில் ஒரே மாதத்துக்குள் இரண்டு தடவை போனேன். முதல் தடவை என் வான் வண்டியில், எழுபது றாத்தல் எடையுள்ள ஒரு பித்தளைக் கழுகோடு. இரண்டாம் தடவை சப்வேயில், ஒரு பெயின்ற் வாளியோடு. வழியையும் செலவையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே நான் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு வழியை மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரையே பொய்.

அப்போது எனக்கு ஸ்காபரோ மார்க்கம் வீதியில் பாத்திரக் கடை. குத்துவிளக்கு, குடம், தட்டம், மணி எல்லாம் இந்தியாவிலிருந்து இறக்குவேன். கடைக்கு அடிக்கடி வருபவர் சாமுவேல் அண்ணை. வயது ஐம்பத்தெட்டு. நகரின் மேற்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலேயச் சேர்ச்சில் பராமரிப்பாளர். ஞாயிறு பின்னேரங்களில் அதே கட்டடத்தில் தமிழ் ஆராதனையும் நடக்கும், அதற்குக் கதவு திறப்பவரும் அவர்தான். அந்தச் சேர்ச்சில் வேதாகமத்தை வைத்து வாசிக்க ஒரு பித்தளைத் தாங்கி இருந்தது. சிறகு விரித்த கழுகு, கீழே ஒரு தூண், தூணுக்கு அடியில் கால்களாக மூன்று சின்னச் சிங்கங்கள். விரித்த சிறகின் மேல்தான் புத்தகம் இருக்கும். முதன்முறை பார்த்தபோது நான், “அண்ணை, இது எங்கட கருட வாகனமெல்லோ, எப்ப சேர்ச்சில சேர்ந்தவர்?” என்று கேட்டேன். அவர் ஒரு கிழமை சிரித்தார்.

அதில் ஒரு சிங்கத்தின் கால் உடைந்து தாங்கி ஆடியது. “எங்கட பொடியன் ஒருத்தன் இருக்கிறான், பித்தளை தெரிஞ்சவன்,” என்று சாமுவேல் அண்ணை போதகரிடம் என்னைச் சொல்லிவிட்டார். கூலி வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன். தர்மம் என்று நினைக்காதீர்கள். சேர்ச்சுக்கு நூறாவது வருஷம் வரப்போகிறது, பன்னிரண்டு சோடி மெழுகுதிரித் தண்டு புதிதாக வாங்கும் யோசனை இருந்தது. அந்த ஓடர் எனக்கு வேண்டும்.

ஒக்ரோபர் நடுப்பகுதியில் கழுகையும் தூணையும் தனித்தனியாகக் கழற்றி, பிறம்ரன் நகரில் வெல்டிங் கடை வைத்திருந்த ராசிக் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் புத்தளத்துக்காரர், அங்கே அண்ணனை நானா என்பார்கள், சுத்தமான கைவேலை. கழுகைத் தூணில் செருகும் துவாரம் வயிற்றின் அடியில் இருக்கிறது, ஒரு கை தாராளமாகப் போகும். உள்ளே விட்டுப் பார்த்தேன். கறுத்த, இறுகிய மண் அப்பிக் கிடந்தது.

இங்கே என் தொழில் புத்தி வேலை செய்தது. நான் முதன்முதல் இறக்கிய விளக்குப் பெட்டிகளில், அடித்தட்டுக்குள் மண்ணை அடைத்து மூடி அனுப்பியிருந்தார்கள். பித்தளை எடைக்கு விற்பனையாவது, மண்ணுக்கும் சேர்த்து நான் காசு கொடுத்தேன். அன்றிலிருந்து பித்தளைக்குள் மண்ணைக் கண்டால் எனக்கு ஏமாற்று என்பது மட்டும்தான் தெரியும். “வெள்ளைக்காரனும் உதைத்தான் செய்திருக்கிறான், நானா. தட்டி எடுங்கோ,” என்றேன்.

“கிடக்கட்டுமே முதலாளி. உள்ளுக்குத்தானே, ஆரு பாக்கப் போறா?” என்றார் அவர்.

“சாமிச் சாமானுக்குள்ள ஊத்தை இருக்கப்படாது.”

அவர் உளி வைத்தார், அசையவில்லை. காஸ் நெருப்புப் பிடித்துச் சூடாக்கிவிட்டுத் தட்டினார். கட்டி கட்டியாக விழுந்தது. முன்னரும் பின்னரும் தராசில் வைத்தேன். எண்பத்தொன்று எழுபதாகியது. பதினொரு றாத்தல் மண். ஏதோ கெட்டித்தனம் செய்த திருப்தியோடு வீடு போனேன்.

இனிப் பயணம். மூன்று கிழமை கழித்து, நவம்பரின் முதல் செவ்வாய். காலை 7.40க்கு சாமுவேல் அண்ணையைக் கடை வாசலில் ஏற்றினேன். முதல் நாள் போதகர் அவரைக் கூப்பிட்டு, கழுகு திருத்தி முடிந்ததும் நேரே அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகும்படி சொல்லியிருந்தார், பதினொன்றரைக்கு நேரம் குறித்திருக்கிறது என்று. ஏதோ பழைய சாமான் என்று பார்க்க ஆசைப்படுகிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

மார்க்கம் வீதியிலிருந்து பிறம்ரன் கடைவரை 401, 410 நெடுஞ்சாலைகள் வழியாக 51 கிலோமீற்றர். அந்த நேரத்தில் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். பெற்றோல் லீற்றர் 57 சதம், போய்வர பதினெட்டு டொலருக்கு அடித்தேன். வழியில் இரண்டு கோப்பி, இரண்டு டோனட், 3.20. டோனட் சீனி தன் கோட்டில் கொட்டாமல் அண்ணை கழுத்தை நீட்டிச் சாப்பிட்டார். “சேர்ச் விசயமா மியூசியம் போறன், வெதுப்பகத்தில வேலை செய்யிறவன் மாதிரிப் போகேலுமே?”

ராசிக் நானா சிங்கத்துக்குப் புதுக்கால் வார்த்து ஒட்டியிருந்தார். எது பழையது, எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. அண்ணை கை கழுவப் போன நேரம் நானும் நானாவும் கழுகைப் போர்வையில் சுற்றித் தூணோடு வானில் ஏற்றினோம். “அந்த மண்ணப் பத்தி ஆரும் கேக்கல்லையா?” என்றார் நானா.

“மண்ணை ஆர் கேக்கப் போகினம்?” என்றேன்.

9.50க்குப் புறப்பட்டோம். பிறம்ரனிலிருந்து நகர நடுவுக்கு 410, 401, 427, பிறகு ஏரிக்கரை நெடுஞ்சாலை, 44 கிலோமீற்றர். விமான நிலையத்துப் பக்கம் வந்தபோது சாமுவேல் அண்ணை கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மடியில் விரித்தார்.

“உவ மியூசியத்து அம்மா ஒருக்கா சேர்ச்சுக்கு வந்து பாத்தவவாம். கழுகு ஐந்நூறு வருசத்துக்கு முந்தினதா, இல்லாட்டி நூறு வருசத்துக்கு முன்னம் அதைப் பாத்துச் செய்ததா எண்டு வெளியால பாத்துச் சொல்லேலாதாம். ரெண்டும் ஒரே மாதிரியாம். உள்ளுக்கு மண் இருக்காம். அதில ஒரு சின்னத் துண்டு இருந்தாலே காணுமாம். மெசினில வைச்சா வயசு சொல்லுமாம்.”

நான் முன்னால் போன லொறியின் நம்பரை வாசித்தேன்.

“கேட்டியோ? நூறாம் வருசப் புத்தகத்தில போடப் போகினம். ஐந்நூறு எண்டு வந்தால் உன்ரை பேரையும் போடச் சொல்லுறன், கால் ஒட்டினவன் எண்டு.”

“ஓம் அண்ணை.”

“ஏன்ரா உம்மெண்டு வாறாய்? றோட்டை இண்டைக்குத்தான் காணுறியோ?”

அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஓடினோம். முப்பத்தைந்து நிமிஷமும் அந்த வானுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். ‘அண்ணை, நான் அதைத் தட்டி எடுப்பிச்சுப் போட்டன்’ என்று சொல்ல ஐந்து விநாடி போதும். மெழுகுதிரித் தண்டு ஓடர் நினைவுக்கு வந்தது. பித்தளை தெரிந்தவன் என்று அவர் சொன்ன பேரும் வந்தது. அங்கே போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

10.55க்குப் போய்ச் சேர்ந்தோம். வாகனம் விட வடக்குப் பக்கத்துச் சின்னத் தெருவிலுள்ள தரிப்பிடம்தான் மலிவு, அப்போது எட்டு டொலர். முன்வாசலுக்கு எதிரே விட்டால் பதினான்கு. நுழைவுச் சீட்டு பத்து டொலர். எங்களிடம் கடிதம் இருந்ததால் கேட்கவில்லை. கழுகைப் பின்வாசலில் இருவர் தள்ளுவண்டியில் வாங்கிக்கொண்டார்கள். அரை மணித்தியாலம் இருந்தது, காட்சிக்கூடத்தைச் சுற்றினோம்.

நீங்கள் பார்க்க வேண்டியது இந்தப் பகுதிதான். ஐந்நூறு, அறுநூறு வருஷத்துப் பித்தளை மெழுகுதிரித் தண்டுகள் வரிசையாக இருக்கின்றன. மெழுகுதிரியைக் குத்தி நிறுத்த மேலே ஒரு முள். சிலதில் சுழற்றிக் கடைந்தபோது விழுந்த வட்டக் கோடுகள் அடித்தட்டின் கீழே அப்படியே தெரியும். குனிந்து பாருங்கள், நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு அது கிடைக்காது. தீர்த்தம் வைக்கிற இரண்டு மூக்குக் கெண்டி ஒன்று இருக்கிறது. சிங்க வடிவத்தில் ஒரு கைகழுவும் செம்பும் இருக்கிறது, வாயால் தண்ணீர் விழும். அதன் பக்கத்தில் சாமுவேல் அண்ணை நெடுநேரம் நின்றார். “உது குழந்தை செய்த சிங்கம் மாதிரி இருக்கு. ஆனால் பார், சிரிக்குது,” என்றார். அவருடைய மகிழ்ச்சியைப் பார்க்க என்னால் முடியவில்லை, கண்ணாடிப் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொன்றரைக்கு எங்களை மூன்றாம் மாடி அறைக்குக் கூட்டிப்போனார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசினார், கையில் வெள்ளைத் துணி உறை. எங்களை உட்காரவைத்து, இப்படியான கழுகை எப்படி வார்த்தார்கள் என்று சொன்னார். முதலில் மண்ணில் கழுகின் உடம்பைச் செய்து காயவைப்பார்கள். அதன் மேல் மெழுகு பூசி, மெழுகில் இறகு இறகாகச் செதுக்குவார்கள். அதற்கு மேல் மறுபடி மண். மெழுகு உருகி ஓடும்போது உள்மண் சரியாமலிருக்க இரும்பு ஆணிகள் குத்தி நிறுத்துவார்கள். மெழுகு போன இடத்தில் பித்தளையை ஊற்றுவார்கள். பிறகு ஆணி போன ஓட்டைகளைச் சின்னச் சதுரத் துண்டுகளால் அடைப்பார்கள். கழுகின் நெஞ்சில் மூன்று சதுரங்களைத் தொட்டுக் காட்டினார். எங்கள் ஊர் விக்கிரகத்துக்கும் இதே முறைதான். நான் பதினைந்து வருஷம் விற்கிற சாமான். உள்மண் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாததல்ல, அது அந்த மண்ணாக இருக்கலாம் என்று நினைக்கத்தான் தெரியவில்லை.

பித்தளை ஊற்றிய அன்று அந்த மண் சுட்டிருக்கும், என்றார். கடைசியாக எப்போது சூடேறியது என்பதை மண் தனக்குள் வைத்திருக்கும், அதை அளக்கலாம். உலோகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு முன்னர் இருந்த பட்டறைகள் பழைய சேர்ச்சுப் பித்தளையையே உருக்கி மறுபடி ஊற்றியிருக்கின்றன.

பிறகு சின்ன ரோச் வெளிச்சத்தை வயிற்றுக்குள் அடித்தார். பார்த்தார். கையை விட்டுத் தடவினார். மறுபடி பார்த்தார். “மண் இங்கே இருந்தது. நான் வந்தபோது தொட்டுப் பார்த்தேன். எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் சாமுவேல் அண்ணை எழும்பிவிட்டார். “மீ, மடம். ஐ வொஷ். மை மிஸ்ரேக்,” என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னர் கழுகின் வயிற்றுக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. இவர் வெளியே கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவினாராம். மண்தண்ணீர் வந்ததாம். தன் பிழைதான் என்று மனதார நம்பினார். “வோட்டர் பைப், மடம். மை மிஸ்ரேக்.” அந்த அம்மா, தான் வந்து தொட்டது இந்த வருஷ ஏப்ரலில் என்றார். அண்ணைக்கு அது முழுதாக விளங்கவில்லை, இல்லாவிட்டால் பயத்தில் கேட்கவில்லை. “ஓல்வேய்ஸ் ஐ கிளீன், மடம். மை மிஸ்ரேக்,” என்றார் மறுபடியும்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். உள்ளே கீறல்கள் புதிதாகத் தெரிகின்றன, திருத்தும்போது ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார்.

“கால் ஒட்டும்போது இடுக்கி பிடித்திருக்கும்,” என்றேன்.

உடைந்தது சிங்கத்தின் கால். அது தூணின் அடியில் இருக்கிறது. கழுகின் வயிற்றுக்குள் இடுக்கி போக ஒரு காரணமும் இல்லை. அந்த அம்மா தாளில் எழுதத் தொடங்கினார். பராமரிப்பாளர் கழுவியதாகச் சொல்கிறார் என்று எழுதி, சாமுவேல் அண்ணையிடம் கையெழுத்துக் கேட்டார். அண்ணை பேனையை வாங்கி, தன் முழுப்பெயரையும் மெதுவாக எழுதினார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். நவம்பர் மாதப் படம் ஒரு மணி என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

திரும்பி வரும்போது 2.15. கழுகைச் சேர்ச்சில் இறக்கி, தூணில் மாட்டினோம். தாங்கி ஆடவில்லை. “கால் நல்லா ஒட்டியிருக்கு,” என்றார் அண்ணை.

பத்து நாள் கழித்து அண்ணை தொலைபேசியில் பேசினார். அவர் கையெழுத்து வைத்த தாளின் பிரதி போதகருக்குப் போயிருக்கிறது. சபைக் குழு கூடி, பீடத்துச் சாமான்கள் உள்ள அலுமாரிப் பூட்டின் திறப்பை அவரிடமிருந்து வாங்கிவிட்டது. திட்டவில்லை, வேலையிலிருந்து நிறுத்தவுமில்லை. “நிலம் மட்டும் கூட்டினால் காணுமாம், சிவம். முதுகுக்கும் சுகம்தானே,” என்றார். சிரிக்கப் பார்த்தார். “பத்து வருசமா அந்தத் திறப்பு என்ரை இடுப்பில கிடந்தது. இப்ப கையை அங்கை கொண்டுபோனால் இல்லை.”

அன்றைக்கே பிறம்ரனுக்கு ஓடினேன். 51 கிலோமீற்றர், ஐம்பது நிமிஷத்தில். நானா அந்த மண்ணை எறியவில்லை. நல்லாச் சூடு தாங்கும் மண் என்று, வெல்டிங் செய்யும் இரும்புக்கு அடியில் அண்டை கொடுக்க ஒரு பெயின்ற் வாளியில் போட்டு வைத்திருந்தார். அரை வாளி மிச்சம். எனக்கு உயிர் வந்தது.

“நான் அண்டைக்கே கிடக்கட்டும் எண்டு சொன்னேன்,” என்றார்.

“சொன்னனீங்கள், நானா.”

“இப்ப அந்த மனிசனுக்கு என்ன சொல்லப் போறீங்க?”

வாளியைக் கொடுங்கள் என்றேன்.

மறுநாள் வான் எடுக்கவில்லை. உங்களுக்கும் இந்த வழிதான் நல்லது: மார்க்கம் வீதியிலிருந்து பஸ் எடுத்துச் சப்வேக்கு மாறி, பச்சைப் பாதையில் மேற்கே போய், அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இறங்கலாம். ஒரு மணித்தியாலம் பத்து நிமிஷம், ஒரு வழிக்கு இரண்டு டொலர், வாகனத் தரிப்புத் தொல்லை இல்லை. மடியில் பெயின்ற் வாளியோடு ஒருவன் இருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நேரம் குறிக்காமல் போனதால் அந்த அம்மாவுக்காக இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். வாளியை மேசையில் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் சிவந்திருந்தது.

“எப்படி எடுத்தீர்கள்?”

“நெருப்புப் பிடித்து.”

கட்டியைத் திரும்ப வாளிக்குள் வைத்தார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் நெருப்புப் பட்டிருந்தது, மீதியை வெல்டிங்குக்கு வைத்து மறுபடி மறுபடி சுட்டிருந்தோம். இனி இந்த மண்ணை அளந்தால் உங்கள் நண்பரின் பட்டறையில் சூடேறிய நாளைத்தான் காட்டும், என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வாளியின் மூடியை அழுத்தி மூடித் தந்தார்.

தாளை மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். சாமுவேல் அண்ணையின் பெயரை வெட்டி, என் பெயரை எழுதி, அடியில் நான் கையெழுத்து வைத்தேன். பிரதியைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

சேர்ச்சுக்குப் போனபோது பின்னேரம் நாலே கால். போதகர் தன் அறையில் இருந்தார். சாமுவேல் அண்ணை அறைக்கு வெளியே நடைபாதையில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிடுங்கள் என்றேன். அவர் துடைப்பத்தோடு வந்து கதவடியில் நின்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், பிறகு அவருக்காகத் தமிழிலும் சொன்னேன். தமிழில் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது.

போதகர் எழும்பிப் போய் மேசை லாச்சியிலிருந்து திறப்பை எடுத்து அண்ணையின் கையில் கொடுத்து, மன்னிப்புக் கேட்டார். அண்ணை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

“மண் போனது போகட்டும். அது நீ தெரியாமல் செய்தனி. அந்த அம்மாவுக்கு முன்னால நான் பிச்சை இங்கிலீசில மூண்டு தரம் ‘மை மிஸ்ரேக்’ எண்டனான். நீ பக்கத்தில இருந்தனி. அது தெரியாமல் செய்ததோ?”

இல்லை என்றேன்.

“சரி. ஈரம் காயேல்லை, ஓரமா நடந்து போ,” என்றார்.

மெழுகுதிரித் தண்டு ஓடரை நான் பிறகு கேட்கவில்லை, அவர்கள் வேறெங்கோ வாங்கினார்கள். அண்ணை என் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. தட்டம் வாங்குவார், விலை பேசுவார். வானில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் மட்டும், பஸ் வரும் என்பார். அவர் ஓய்வு பெறும்வரை அந்தப் பஸ் வந்துகொண்டேயிருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். நான் சொன்ன விலைகள் அந்தக் காலத்தவை, இப்போது இரண்டு மூன்று மடங்கு ஏறியிருக்கும், புறப்பட முதல் விசாரியுங்கள். கிழமை நாளில் பத்து மணிக்கே போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருமுன் கூடத்தைப் பார்த்துவிடலாம், ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். உங்கள் வீட்டில் பழைய வார்ப்புச் சாமான் ஏதாவது இருந்தால் புளி போட்டுத் தேய்க்க முதல், உள்ளே கை விட முதல், தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தெரிந்தவர் என்று நான் சொல்வது என்னைப் போன்ற கடைக்காரரை அல்ல.

கழுகையும் பார்க்க ஆசைப்பட்டால் அந்தச் சேர்ச் சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை திறந்திருக்கும், பஸ் தரிப்பிடத்திலிருந்து ஆறு நிமிஷ நடை, கட்டணம் இல்லை. சுற்றிக் காட்டுவதற்கு ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா இருப்பார், நல்ல மனுஷி. நெஞ்சிலுள்ள மூன்று சதுரங்களையும் கேளுங்கள், காட்டுவார். எத்தனை வருஷம் பழையது என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். தெரியாது என்று சொல்லும்போது, அது தன்னுடைய குறை என்பதுபோல் அவர் வெட்கப்படுகிறார்.